அந்த ‘ங்க’ யாருக்கெல்லாம்? கொங்கு நாட்டில் இனச் சமத்துவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். பதினோரு ஆண்டுகளாக ஒரு சிறிய குழுவோடு சேர்ந்து வேலை செய்கிறேன். சாதியின் பெயராலோ மொழியின் பெயராலோ பிறந்த மண்ணின் பெயராலோ அவமதிக்கப்பட்டவர்களுக்குத் துணையாகக் காவல் நிலையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் போய்வருவதுதான் எங்கள் வேலை. டீக்கடையிலும் கல்லூரியிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சில கேள்விகள் அக்கறையில் வந்தவை, சில கோபத்தில் வந்தவை. இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இனவெறி என்பது அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடப்பது. கொங்கு நாட்டில் அந்தப் பேச்சு எதற்கு?

கொங்குத் தமிழ் என்றாலே மரியாதைத் தமிழ் என்று போகிற ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறோம். ‘வாங்க’, ‘ஏனுங்க’, ‘சொல்லுங்க’ என்று சொல்லுக்குச் சொல் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொண்டு வரும். பெற்ற பிள்ளையைக்கூட ‘வாங்க கண்ணு’ என்று அழைக்கிற மண் இது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அந்த ‘ங்க’ யாருக்குக் கிடைப்பதில்லை என்று ஒரு நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

எழுபது வயது அருந்ததியர் பெரியவரை எட்டு வயதுப் பையன் பெயர் சொல்லி ‘வா’ என்கிறான். பெரியவர் அவனைச் ‘சாமி’ என்கிறார். மலையிலிருந்து தேனும் கடுக்காயும் சுமந்து இறங்கும் இருளர் பெண்ணிடம் வியாபாரி ஒருமையில்தான் விலை கேட்கிறார். பனியன் கம்பெனியில் நாற்பது வயது ஒடிசாக்காரர் எல்லோருக்கும் ‘பையன்’. திருப்பூர் காதர்பேட்டைக்குத் துணி வாங்க வரும் நைஜீரிய வியாபாரியின் நிறத்தைப் பற்றி, அவர் காதில் விழும்படியே பேசிச் சிரிக்கிறார்கள். எங்கே பிறந்தார், யாருக்குப் பிறந்தார் என்று பார்த்து மரியாதையை அளந்து கொடுப்பதற்குத்தான் இனப்பாகுபாடு என்று பெயர். நம் ஊரில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சாதியும் இனமும் ஒன்றா?

ஒன்றல்ல. ஆனால் சட்டம் பேசுகிற இடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எல்லா வகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை 1965 டிசம்பர் 21 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. 1968இல் இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்தது. இனம், நிறம், பிறப்புவழி, தேசியப் பூர்வீகம், இனக்குழுப் பூர்வீகம் ஆகியவற்றின் அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது அதன் முதல் உறுப்பு. ‘பிறப்புவழி’ என்ற சொல்லை அதில் சேர்க்கச் சொன்னதே இந்தியப் பிரதிநிதிகள்தான். பிறப்புவழி என்பதில் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2002இல் விளக்கம் கொடுத்தது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. சாதி என்பது இனம் அல்ல என்பது அரசின் நிலை.

என் கருத்தைக் கேட்டால், வலியை அனுபவிக்கிறவருக்கு இந்த வாதத்தால் ஆகப்போவது எதுவுமில்லை. நம் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்று ஐந்தையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது. நமக்கு அந்த ஒரு வரி போதும்.

கொங்கு நாட்டில் சிறுபான்மைச் சமூகம் என்றால் யார் யார்?

மொழியை மட்டும் வைத்து எண்ணினால் வழி தப்பிவிடும். தேவாங்க நெசவாளர்கள் வீட்டில் கன்னடம் பேசுகிறார்கள். நிலபுலமும் ஆலையும் உள்ள தெலுங்குக் குடும்பங்கள் கோவையில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அவர்களை யாரும் ‘உன் மொழி என்ன’ என்று கேட்டு வாசலில் நிறுத்துவதில்லை. அதே தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டில் பேசும் அருந்ததியர்களைத்தான் ஊருக்கு வெளியே ‘வளவு’ எனப்படும் தனிக் குடியிருப்புக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே காரணம் மொழி அல்ல. யாரிடம் நிலம் இருக்கிறது, யார் அந்த நிலத்தில் பண்ணையாளாக நின்றார் என்பதுதான்.

அருந்ததியரை அடுத்து மலை மக்கள். ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர். கோவை மலையடிவாரத்தில் இருளர். சத்தியமங்கலம், தாளவாடி, பர்கூர்ப் பக்கம் ஊராளி, சோளகர், மலையாளி. பிறகு பவானிசாகர் போன்ற முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்கள். கடைசியாக, பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்து பஞ்சாலையிலும் சாயப்பட்டறையிலும் கோழிப்பண்ணையிலும் உழைக்கிறவர்கள்.

இரட்டைக் குவளை எல்லாம் தாத்தா காலத்துக் கதை. இப்போது எங்கே இருக்கிறது?

கண்ணாடி டம்ளர் இருந்த இடத்துக்குக் காகிதக் கப் வந்துவிட்டதால் பல கடைகளில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊர்க்காரருக்கு எவர்சில்வர் டம்ளர், வளவுக்காரருக்குக் காகிதக் கப் என்று கொடுக்கும் கடையில் நானே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். கேட்டால் ‘சுத்தத்துக்காக’ என்றார்கள்.

பழைய கதை என்பவர்களுக்கு இரண்டு ஊர்களை நினைவுபடுத்துகிறேன். அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், 2018இல், அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் திரண்டு பள்ளியைப் பூட்டினார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய ஓர் உயரமான சுற்றுச்சுவர் அருந்ததியர் வீடுகள்மேல் சாய்ந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவரை அங்கே வாழ்ந்தவர்கள் தீண்டாமைச் சுவர் என்றே சொன்னார்கள். பெண்களும் குழந்தைகளும் அந்தப் பதினேழில் உண்டு. அந்த எண்ணை என்னால் வெறும் எண்ணாக எழுத முடியவில்லை.

சாதியைச் சொல்லித் திட்டினார்கள், அடித்தார்கள். முதலில் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். தோற்றுப்போகும் வழக்குகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு நாளிலேயே தோற்றுவிடுகின்றன என்பது எங்கள் அனுபவம்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டம் 1989இல் வந்தது. பிறகு வந்த திருத்தம் 2016 ஜனவரி முதல் அதை இன்னும் கூர்மையாக்கியது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது மட்டுமல்ல, பொது இடத்தில் செருப்புப் போட்டு நடக்கவோ வண்டி ஓட்டவோ புதுத்துணி உடுத்தவோ விடாமல் தடுப்பது, கல்யாண ஊர்வலத்தை மறிப்பது, சுடுகாட்டையோ குடிநீரையோ பயன்படுத்த விடாதது, ஊரே சேர்ந்து வேலை கொடுக்காமல் ஒதுக்கிவைப்பது என எல்லாமே அதில் குற்றங்கள். எதிராளி பட்டியல் சாதியிலோ பழங்குடியிலோ சேராதவராக இருக்க வேண்டும்.

வசவு என்றால், அது பிறர் பார்க்கும்படி, கேட்கும்படி நடந்ததா என்பதை நீதிமன்றம் கட்டாயம் கேட்கும். நான்கு சுவருக்குள் வெளியாள் யாரும் இல்லாமல் நடந்த வசவு இந்தச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. அதனால் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, பக்கத்தில் நின்றவர்கள் யார், சொன்ன சொற்கள் என்னென்ன. அந்தச் சொற்களை எழுதக் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட்டு ‘தகாத வார்த்தையால் திட்டினார்’ என்று எழுதினால் வழக்கு அங்கேயே செத்துவிடும். அடி பட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி அடிபட்டது என்று பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழின் நகலைப் புகாரோடு சேர்த்துவிடுங்கள்.

காவல் நிலையத்தில் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து ‘விசாரித்துக் கூப்பிடுகிறோம்’ என்பார்கள். அது மனு வந்ததற்கான ரசீது மட்டுமே. நமக்கு வேண்டியது முதல் தகவல் அறிக்கை. இந்தச் சட்டத்தின்கீழ் அதைப் பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை என்று 18ஏ பிரிவு 2018இலேயே சொல்லிவிட்டது. அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். விசாரிக்கும் அதிகாரி டி.எஸ்.பி. பதவிக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது. 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதற்கும் பதில் இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று 4ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை மரியாதையாக நினைவுபடுத்தினாலே பல இடங்களில் பேனா நகர்வதைப் பார்த்திருக்கிறேன்.

தீர்ப்பு வரும்வரை நிவாரணத் தொகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவானதும் பல குற்றங்களுக்கு முதல் தவணையைக் கேட்டு வாங்கலாம். மாவட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

இந்தச் சட்டத்தை வைத்துப் பொய் வழக்குப் போடுகிறார்களே?

எந்தச் சட்டத்தையும் தவறாகப் பயன்படுத்துகிறவர் இருப்பார். பொய்ப் புகாரைத் தண்டிக்கவும் சட்டம் இருக்கிறது. நான் நேரில் பார்ப்பது வேறு. உண்மையான வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியவர் எதிராளியின் தோட்டத்தில் வாரக்கூலிக்குப் போகிறவர். அவர் மகனின் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அந்த வீட்டில்தான் நிற்கிறது. இரவோடு இரவாக நான்கு பெரிய மனிதர்கள் வந்து, ‘ஒரே ஊரில் முகத்தைப் பார்க்க வேண்டாமா’ என்று சமாதானம் பேசுகிறார்கள். நீதிமன்றத்தில் அவர் ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்கிறார். குற்றவாளி விடுதலை. மறுநாள் ஊரில் ‘பொய் வழக்கு’ என்று பேச்சு. சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் கேட்க 15ஏ பிரிவில் உரிமை இருக்கிறது. எங்கள் குழு வழக்குப் போட்ட நாளிலேயே அதற்கும் மனு எழுதிவிடும்.

அருந்ததியருக்கு மட்டும் தனியாக 3 சதவீத இட ஒதுக்கீடு ஏன்?

18 சதவீதப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குள்ளேயும் அருந்ததியருக்குக் கிடைத்தது மிகச் சிறிய பங்கு என்பதால், நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரையின்படி தமிழ்நாடு 2009இல் அந்த உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. கொங்கு நாட்டில் துப்புரவு வேலையை யார் தலையில் கட்டியிருக்கிறோம் என்று விடியற்காலையில் எந்தப் பேரூராட்சித் தெருவிலும் நின்று பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகும் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு மனம் வராது.

மலை மக்களுக்கு அரசு எல்லாம் கொடுக்கிறதே, அவர்களுக்கு என்ன குறை?

காகிதம்தான் குறை. பழங்குடிச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் தாசில்தார் தருவதில்லை; கோட்டாட்சியர்தான் தர வேண்டும். மலையிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுப் போனால், ‘உங்கள் அப்பாவுக்கு இருக்கிறதா? பெரியப்பாவுக்கு இருக்கிறதா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். பள்ளிக்கூடமே பார்க்காத அப்பாவிடம் சான்றிதழ் எப்படி இருக்கும்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓர் இருளர் மாணவியோடு நான் ஏழு முறை ஓர் அலுவலகத்துக்கு ஏறி இறங்கினேன். ஏழாவது முறை கையெழுத்துக் கிடைத்தபோது அந்த ஆண்டின் கல்லூரிச் சேர்க்கை முடிந்திருந்தது.

பர்கூர் மலையாளி மக்களின் நிலை இன்னும் கொடுமை. பழங்குடிப் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயர் சேலம், தருமபுரி போன்ற சில மாவட்டங்களுக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. ஈரோடு அதில் இல்லை. பட்டியல் எழுதப்பட்டபோது கோவையோடு இருந்த பகுதி அது. 1979இல்தான் ஈரோடு தனி மாவட்டமானது. மேட்டூர்ப் பக்கம் சேலம் மாவட்டத்தில் இருக்கும் அண்ணன் பழங்குடி, எல்லை தாண்டிப் பர்கூரில் இருக்கும் தம்பி பழங்குடி இல்லை என்றால் அதை எந்த மனசாட்சி ஏற்கும்? பட்டியலைத் திருத்த நாடாளுமன்றத்தால்தான் முடியும். அதற்கான கோரிக்கை ஒரு தலைமுறையைத் தாண்டி நிற்கிறது.

நிலத்துக்கு 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் வாழ்ந்து உழுதுவந்த பழங்குடிக் குடும்பம், உழுத அளவுக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். தேன், கடுக்காய் போன்ற சிறு வன மகசூலுக்கும் மேய்ச்சலுக்கும் ஊராகச் சேர்ந்து உரிமை கேட்கலாம். விண்ணப்பத்தை முதலில் பரிசீலிப்பது கிராம சபை; வனத்துறை அல்ல. பட்டா இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மூதாதையர் சமாதி, பழைய கிணறு, குலதெய்வக் கல், ஊர்ப் பெரியவரின் எழுத்து வாக்குமூலம் எல்லாமே சான்றுகள்தான். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வையுங்கள். உரிமையைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது 4ஆவது பிரிவின் 5ஆவது உட்பிரிவு. இந்த எண்ணை மட்டும் மலைக் கிராமங்களில் சுவரில் எழுதி வைக்கச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2008இல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் உரிமைப் பத்திரம் கொடுப்பது தடைபட்டு, 2016இல்தான் அந்தத் தடை நீங்கியது. எட்டு ஆண்டுகள் வீணாயின.

நீதி கிடைக்காமலே போகாது என்பதற்கு வாச்சாத்தியைச் சொல்வேன். தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையாளிக் கிராமத்துக்குள் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்து வீடுகளைச் சூறையாடின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று, அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள் அந்தப் பெண்கள் சொன்னதையே சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

வடமாநிலத்தவர் வந்து நம் வேலையைப் பறித்துக்கொண்டார்களே?

கோபத்தின் ஒரு பாதி நியாயமானது, அதை மறுக்க மாட்டேன். கூலி உயரவில்லை, வேலை நேரம் நீண்டுவிட்டது. ஆனால் பன்னிரண்டு மணி நேர வேலைக்குக் குறைந்த கூலி என்று நிர்ணயித்தது முதலாளியும் ஏஜெண்டும். அந்தக் கூலிக்கு வந்து, தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்திருக்கிறவர் அல்ல. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று இருவரும் சேர்ந்து கேட்டால் மட்டுமே நம் ஊர் டெய்லரின் கூலியும் ஏறும். ஒப்பந்தக்காரர் கூலியைக் கொடுக்காமல் ஓடிவிட்டால் அதைக் கொடுக்கும் பொறுப்பு கம்பெனியைச் சேரும். இது இரு தரப்புத் தொழிலாளிக்கும் பொருந்தும்.

வதந்தி என்ன செய்யும் என்று 2023 தொடக்கத்தில் பார்த்தோம். பீகார் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. வேறு இடத்தில், வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பயந்துபோனவர்கள் ரயில் நிலையத்தில் மூட்டையோடு நின்றார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து நேரில் விசாரித்துப் போனது.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். நம் தமிழர்களும் கூலிக்காகக் கடல் கடந்தவர்கள்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகளை இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று, அவர்களைக் கேட்காமலே பங்கு பிரித்தது. பவானிசாகர் முகாமில் பிறந்து, படித்து முடித்தும் குடியுரிமை இல்லாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தவர் யாரும் ‘வந்தேறி’ என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக நாக்கில் வைக்க மாட்டார்.

வாடகைக்கு வீடு தர மறுத்தால் வழக்குப் போட முடியுமா?

கடை, உணவகம், கிணறு, குளம், சாலை இவற்றில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியலமைப்பு நேரடியாகச் சொல்கிறது. தனியார் வீட்டு வாடகைக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. ‘என்ன ஆளுங்க?’ என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறவரை இன்றைக்குப் பெரும்பாலும் எதுவும் செய்ய முடிவதில்லை. சட்டம் வேண்டும். நான் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நான் ஆதிக்கச் சாதியில் பிறந்தவன். என்னால் என்ன செய்ய முடியும்?

நானும் அப்படிப் பிறந்தவள்தான். எங்கள் கட்டுத்தரையின் எரவாணத்தில் ஒரு கொட்டாங்கச்சி செருகியிருக்கும். பண்ணையத்துக்கு வந்தவருக்கு அதில்தான் காப்பி ஊற்றுவார்கள், கை படாமல், உயரத்திலிருந்து. அந்தக் காப்பியை ஊற்றியவர்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு ஒன்பது வயது. அவர் என் தாத்தாவைவிட மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

ஆகவே வீட்டிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பிள்ளைகள் தோட்டத்துக்கு வருகிறவரை அய்யா, அம்மா, அண்ணா என்று அழைக்கட்டும். ஊர்த் திருவிழாவான நோம்பிக்கு வரி வாங்கும்போது வளவுக்காரர்களிடமும் வாங்கச் சொல்லிக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். வரி வாங்கிவிட்டால் சாமி கும்பிடும் உரிமையை மறுக்க முடியாது என்பதால்தான் பல ஊர்களில் வாங்குவதில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, சாட்சி சொல்வது. கண்ணால் பார்த்த ஊர்க்காரர் ஒருவர் நீதிமன்றத்தில் ‘ஆமாம், நடந்தது’ என்று சொன்னால் வழக்கின் எடையே மாறிவிடும். பதினோரு ஆண்டுகளில் அப்படி முன்வந்தவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஒருவருக்கு அவருடைய அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்றுவரை அழைப்பு வரவில்லை. எங்களுக்கு இன்னும் நிறைய சாட்சிகள் வேண்டும்.

இரவில் பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது?

உயிருக்கு ஆபத்து என்றால் 112. வன்கொடுமைப் புகாருக்குத் தேசிய உதவி எண் 14566. இலவச சட்ட உதவிக்கு 15100. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், தொழில்துறைத் தொழிலாளர்கள் எல்லோரும் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசமாக வழக்கறிஞரைக் கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் வடமாநிலத் தொழிலாளியாக இருந்தால், தமிழ் தெரிந்த சக தொழிலாளி ஒருவரையும் அழைத்துக்கொண்டு அவரோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். பாதிக்கப்பட்டவர் சொல்வதை வேறு யாரோ மாற்றி எழுதிவிடாமல், கையெழுத்துப் போடும் முன் அவருடைய மொழியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.